நடுப்பாகத்து வாசம்

6 ஜனவரி, திங்கள்

பெட்டி வந்துவிட்டது. உறையூர் பொன்னரங்கம் சுருட்டுக் கம்பெனி தன் நூறாவது ஆண்டுக்கென்று செய்திருக்கும் 'பொன்முத்திரை'. மொத்தமே முந்நூறு பெட்டிகள்தான். கடைக்கு வராது. வெளியீட்டு விழாவுக்கு முன்பே மோந்து, புகைத்து, மதிப்பெண் போடும் உரிமை தமிழ்நாட்டில் ஒருவனுக்குத்தான் கிடைத்திருக்கிறது. அந்த ஒருவன் நான். பெட்டியைக் கொண்டுவந்த கூரியர்காரன் படியிலேயே நின்று தும்மினான். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்திருந்தால் தும்மியிருக்க மாட்டான்.

தேக்குப் பெட்டி, பித்தளைத் தாழ், உள்ளே ஐந்து சுருட்டு. பார்வைக்கு மட்டும் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு.

குணசீலன் என்றால் குன்னூரில் ஏலக்காரர்கள் எழுந்து நிற்பார்கள். பணிக்காலம் முழுவதும் தேயிலை ருசி பார்த்தவன். ஒரு மிடறு உறிஞ்சித் துப்பினால் எந்த எஸ்டேட், மழைக்கு முன் பறித்ததா பின் பறித்ததா என்று சொல்லிவிடுவேன். ஓய்வு பெற்று மதுரைக்கு வந்த பிறகு சுருட்டு. 'சீலனின் மூக்கு' என்று நெட்டில் எழுதுகிறேன். படிக்கிறவர்கள் படித்துவிட்டுத்தான் பற்ற வைக்கிறார்கள்.

மூக்கு இப்போது ஓய்வில் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் வந்த காய்ச்சலோடு போனது, வரும். வராது என்று சொல்லும் டாக்டர்களுக்கு என் மதிப்பெண் நூற்றுக்கு இருபது. அதுவரை வீட்டில் கனி இருக்கிறாள். விருதுநகர் வத்தல் மண்டிக்காரர் மகள். அந்த நெடியிலேயே வளர்ந்ததாலோ என்னவோ, என் மனைவிக்கு மூக்கு மட்டும் நன்றாக வேலை செய்கிறது.

வேலை முறை சுலபம். நான் இழுத்து அவள் பக்கம் ஊதுவேன். அவள் மோந்து சொல்வாள். அவள் 'ஈரச் சாக்கு' என்றால் நான் 'முதல் மழையில் நனைந்த சணல்' என்று எழுதுவேன். 'அடிப்பிடிச்ச பாயசம்' என்றால் 'கருகிய பாலின் இனிமை'. மோப்பம் நாய்க்கும் வரும். சொல்தான் கலை.

7 ஜனவரி, செவ்வாய்

கம்பெனியின் இளைய முதலாளி சிபி போன் செய்தான். மரியாதை தெரிந்த பிள்ளை.

"சார், ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். பாதி எரிஞ்சதுக்கப்புறம் நடுப்பாகத்துல ஒரு வாசம் வரும். புகையிலைய ஊற வைக்கிறப்ப ஒரு பொருள் சேர்க்கிறோம், அதோட வாசம். என்னன்னு யாருக்கும் சொல்லல. விழா மேடையில நீங்கதான் சொல்லணும். சொல்லி முடிச்சதும் அந்தப் பொருளையே எல்லாருக்கும் காட்டப் போறோம்."

"ஒரு இழுவைல சொல்லிருவேன் தம்பி."

"அது தெரியும் சார். வேற சிலர் வேற மாதிரி பேசறாங்க. அதான் மேடையிலயே நடக்கட்டும்னு பார்த்தேன்."

வேறு சிலர் யார் என்று எனக்குத் தெரியும். என் மூக்கு செத்துவிட்டது என்று, என்னைப் போலவே சுருட்டைப் பற்றி எழுதும் சென்னைக்காரன் ஒருவன் சொல்லித் திரிகிறான். அந்த வாசத்தின் பெயரைப் பிப்ரவரி இரண்டாம் தேதி விழாவில் அவன் காதில் விழும்படி சொன்னால் போதும், வாயை மூடிக்கொள்வான். சொல்லாவிட்டால் நான் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான்.

9 ஜனவரி, வியாழன்

முதல் சுருட்டு. நுனி வெட்டு சுத்தம். இழுவை தாராளம். சாம்பல் வெள்ளையாகக் கட்டி நின்றது. இதெல்லாம் கண்ணும் கையும் பார்த்துக்கொள்ளும் விஷயங்கள்.

காற்றில் புகை கலையாமல் இருக்க முன்னறை ஜன்னல்களைச் சாத்தினேன். கனி நாற்காலியை வாசல் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டாள். இழுத்துப் பழைய இடத்தில் போட்டேன்.

"முதல்ல வெல்லப்பாகு மாதிரி வருது. அப்புறம் பழைய மரப்பெட்டி."

"நடுவுல?"

இருமினாள். இருமிக்கொண்டே இருந்தாள். நடுப்பாகம் பூராவும் இருமலிலேயே எரிந்து போனது. உலகத்தில் முந்நூறு பெட்டிதான் இருக்கிறது, அதில் ஒரு சுருட்டு இவள் இருமலுக்குப் போயிற்று. வேண்டுமென்று செய்கிறாளோ என்று ஒரு கணம் தோன்றியது.

10 ஜனவரி, வெள்ளி

நெஞ்சு டாக்டரிடம் போக வேண்டியதாயிற்று. ஊதச் சொன்னார்கள், படம் எடுத்தார்கள். நுரையீரல் சுருங்கிக்கொண்டு வருகிறதாம்.

"வீட்ல யாராவது சிகரெட் பிடிப்பாங்களா?"

"சிகரெட்டா? எங்க வீட்ல யாரும் தொட மாட்டாங்க" என்றேன். உண்மைதானே.

கனி என்னைப் பார்த்தாள், டாக்டரைப் பார்த்தாள், பிறகு தன் கைப்பையைப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. இந்த ஒரு குணத்துக்காக அவளுக்கு எப்போதும் எண்பதுக்கு மேல் போடுவேன்.

தினம் இரண்டு வேளை உறிஞ்ச ஒரு பஃப் கொடுத்திருக்கிறார்கள்.

12 ஜனவரி, ஞாயிறு

இரண்டாவது சுருட்டு. பாழ்.

ஆரம்பிப்பதற்குச் சற்று முன் எனக்குத் தெரியாமல் பஃப் அடித்திருக்கிறாள். என்ன கேட்டாலும் "மருந்து வாசம்தான் வருது" என்கிறாள். பஃப் அடித்தால் கொஞ்ச நேரத்துக்கு மூக்கு மந்தமாகிவிடுமாம். இதை முதலிலேயே சொல்வதற்கென்ன? இனிமேல் சுருட்டு முடிந்த பிறகுதான் பஃப் என்று சட்டம் போட்டுவிட்டேன். பஃப் என் சட்டைப்பையில் இருக்கிறது.

மிச்சம் மூன்று.

14 ஜனவரி, பொங்கல்

கேஸ் அடுப்பில்தான் பொங்கல். பால் பொங்கும்போது குலவை போட அவளுக்கு மூச்சு வரவில்லை. கை தட்டினாள்.

பொங்கல் சூடாகவும் குழைவாகவும் இருந்தது. தொட்டுப் பார்த்த அளவில் எழுபது.

கனியின் தம்பி ரத்தினவேல் போன் செய்தான். இந்தத் தையிலேயே பேத்திக்குக் காது குத்தாம். "அக்காவ ஒரு வாரம் முன்னாடியே அனுப்பி வைங்க அத்தான், இங்க காத்து நல்லாருக்கும், உடம்பு தேறும்" என்றான். பிப்ரவரி இரண்டு வரை முடியாது என்றேன். காரணம் கேட்டான். வேலை என்றேன். அக்காவுக்கு என்ன வேலை என்று கேட்டான். மச்சினன்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. வைத்துவிட்டேன்.

16 ஜனவரி, வியாழன்

மூன்றாவது. இன்று முன்னேற்றம்.

பஃப் இல்லை, ஜன்னல் இல்லை, மின்விசிறி இல்லை. முதல் பாகம் வெல்லப்பாகு, உறுதி. நடுப்பாகம் வந்ததும் அவள் முகத்துக்கு நேரே ஊதினேன். கண்ணை மூடினாள். பிறகு திறந்து என்னையே பார்த்தாள். ஏதோ தெரிந்துவிட்ட முகம் அது. ஏலக்கூடத்தில் இந்த முகத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

"என்ன வாசம்?"

"தெரிஞ்ச வாசந்தான்."

"பேரைச் சொல்லு."

"முதல்ல அந்தப் பஃப்பைக் குடுங்க."

"பேரைச் சொல்லு, தரேன்."

நான் பொறுமையாகத்தான் இருந்தேன். அவளும் பொறுமையாகத்தான் உட்கார்ந்திருந்தாள். நெஞ்சு மட்டும் ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சுருட்டு கடைசிப் பாகத்துக்கு வந்துவிட்டது. அதற்கு மேல் கேட்டுப் பயனில்லை, அந்த வாசம் தாண்டிப் போயிருக்கும். பஃப்பை மேஜையில் வைத்தேன். எடுக்கும்போது கை தவறித் தரையில் விழுந்தது. அவளேதான் குனிந்து எடுத்துக்கொண்டாள்.

பிடிவாதத்துக்கு மட்டும் மதிப்பெண் போடுவதானால் நூறு.

17 ஜனவரி, வெள்ளி

பேசவில்லை. நானும் பேசவில்லை. இட்லி, ஐம்பத்தைந்து.

19 ஜனவரி, ஞாயிறு

கனியை ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. குளியலறைக்குப் போனவள் திரும்பி வர முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். உதடு நீலமாக இருந்தது. எதிர்வீட்டுக்காரர் தன் காரில் கூட்டிக்கொண்டு போனார். கார் ஜன்னல் நான்கையும் இறக்கிவிட்டார். என் சட்டையில் புகையிலை நாறுகிறதாம், பேஷன்ட் பக்கத்தில் உட்கார வேண்டாம், முன் சீட்டுக்கு வாருங்கள் என்றார். மூக்கு உள்ளவர்கள் எல்லாம் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். இன்று நான்காவது சுருட்டுக்கு நாள் குறித்திருந்தேன்.

20 ஜனவரி, திங்கள்

வீட்டிலேயே தனியாக நான்காவதைப் பற்ற வைத்துப் பார்த்தேன். மூக்கு திரும்பியிருக்கலாம் என்று ஒரு எண்ணம்.

சூடு தெரிந்தது. நாக்கு நுனியில் லேசாகக் கசப்பு. சாம்பல் நன்றாக நின்றது.

21 ஜனவரி, செவ்வாய்

கிடைத்துவிட்டது.

ஐந்தாவது சுருட்டைச் சட்டைப்பையில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். பற்ற வைக்கவில்லை, அவ்வளவு விவரம் கெட்டவன் இல்லை நான். ஊற வைத்த பொருளின் வாசம் பச்சையிலேயே இருந்தாக வேண்டும், நடுவில் ஒடித்தால் போதும். நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போன சமயம் பார்த்து ஒடித்தேன்.

கனி விழித்துக்கொண்டுதான் இருந்தாள். மாஸ்க்கை விலக்கினேன். ஒடித்த முனையை மூக்குக்கு நேரே பிடித்தேன்.

"பேர் மட்டும் சொல்லு கனி. அப்புறம் உன்னைத் தொந்தரவு பண்ண மாட்டேன்."

வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. மறுபடி திறந்தாள்.

"மல்லி" என்றாள்.

"மல்லியா?"

தலையை ஆட்டினாள்.

மாஸ்க்கைப் போட்டுவிட்டேன். நர்ஸ் ஓடி வந்து சத்தம் போட்டாள். மனுஷனா நீங்க என்றாள், இன்னும் என்னென்னவோ சொன்னாள். காதில் விழவில்லை. மல்லி. எங்கள் ஊர் மல்லி. மதுரையில் பிறந்தவனுக்கு இது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும். புகையிலையை மல்லிகைப்பூவோடு சேர்த்து மூடி வைத்திருக்கிறார்கள். நான் பார்த்த தேயிலையிலேயே மல்லிகை ஏற்றிய ரகம் உண்டே. பேருந்தில் வரும்போதே முதல் வரி வந்துவிட்டது.

25 ஜனவரி, சனி

நேற்று கனி வீட்டுக்கு வந்துவிட்டாள். ஒரு ஆக்சிஜன் மெஷினும் கூடவே வந்திருக்கிறது, இரைந்துகொண்டே இருக்கிறது. சத்தத்துக்கு நூற்றுக்குப் பத்து.

கட்டுரை முடிந்துவிட்டது. பொன்முத்திரை: தொண்ணூற்று நான்கு. சிபிக்கு மதிப்பெண்ணை மட்டும் அனுப்பியிருக்கிறேன். பெயரை மேடைக்கு வைத்திருக்கிறேன்.

29 ஜனவரி, புதன்

கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்தேன். 'அந்தி சாயும் நேரம். கீழமாசி வீதியில் பூக்காரி ஈரத்துணியை விலக்குகிறாள். மொட்டு அப்போதுதான் வாய் திறக்கிறது. அந்த முதல் மூச்சு, அதுதான் இந்தச் சுருட்டின் நடுப்பாகம்.' பேசி முடித்ததும் எனக்கே கண் கலங்கியது.

கனி கட்டிலில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "இன்னொரு தடவ படிங்க" என்றாள். படித்தேன். சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து எத்தனையோ நாளாயிற்று. தாம்பத்தியத்தில் இப்படி ஒரு நேரமும் வரத்தான் செய்கிறது. நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன்.

"பூவு நல்லா இருக்கு" என்றாள்.

3 பிப்ரவரி, திங்கள்

எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும்.

திருச்சி ஹோட்டல் ஹால். கூட்டம் நிறைந்திருந்தது. சென்னைக்காரன் முதல் வரிசையில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். எல்லாருக்கும் சுருட்டு கொடுத்துப் பற்ற வைத்திருந்தார்கள். மேடையில் ஒரு பித்தளைப் பானை, மேலே பட்டுத்துணி கட்டியிருந்தது.

நான் பேசினேன். அந்தி, பூக்காரி, ஈரத்துணி எல்லாம் சொன்னேன். கைதட்டலுக்கு இடம் விட்டு நிறுத்தினேன். ஒருவரும் தட்டவில்லை. எல்லோரும் தங்கள் கையில் இருந்த சுருட்டைப் பார்த்தார்கள்.

சிபி பக்கத்தில் வந்தான். மைக்கைக் கையால் மூடிக்கொண்டு மெதுவாகத்தான் கேட்டான்.

"மல்லிகைப்பூவா சார்?"

"மல்லிகைப்பூதான். வேற என்ன?"

அவன் முகம் மாறியது. என்னைக் காப்பாற்றத்தான் பார்த்திருக்கிறான், இப்போது புரிகிறது. துணி கட்டிய பானையைத் தூக்கி என்னிடம் நீட்டினான். "ஒரு தடவ இத நல்லா மோந்து பார்த்துட்டுச் சொல்லுங்க சார், அவசரமில்ல" என்றான்.

குனிந்து, துணியோடு மூக்கை வைத்து, ஆழமாக இழுத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். மைக்கை மூடியிருந்த அவன் கை விலகியிருந்தது, மைக் என் வாயருகே இருந்தது.

"இதேதான்" என்றேன். "மதுரை மல்லி. சாயங்காலம் பறிச்சது."

சென்னைக்காரன்தான் முதலில் சிரித்தான். அவன் ஏறி வந்து துணியை இழுத்தான். உள்ளே வறுத்த மல்லி விதை. கொத்தமல்லி. குழம்புக்குப் போடும் மல்லி.

ஹால் முழுக்கச் சிரித்தது. அந்த வாசம் ஹாலில் எல்லாருக்கும் ஆரம்பத்திலிருந்தே தெரிந்திருக்கிறது. வறுத்த மல்லி பானை நிறைய என் மூக்குக்குக் கீழே இருந்திருக்கிறது. சிபி மட்டும் சிரிக்கவில்லை. வாங்க சார், சாப்பிடப் போகலாம் என்று என் முழங்கையைப் பிடித்தான். கண் தெரியாதவனைப் பிடிப்பதுபோல் பிடித்தான். அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

மதுரைக்கு வந்தால் வீடு பூட்டியிருந்தது. சாவி எதிர்வீட்டில் இருந்தது. நேற்று மத்தியானமே தம்பி வண்டி கொண்டுவந்து அழைத்துப் போய்விட்டானாம், மெஷினையும் சேர்த்து.

6 பிப்ரவரி, வியாழன்

யாரோ அதைப் படம் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். நான் கண்ணை மூடி இழுக்கும் இடம் மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. கீழே எழுதுகிறவர்கள் எனக்கு 'மல்லி மாமா' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

8 பிப்ரவரி, சனி

கம்பெனியின் விளம்பரப் பிரிவிலிருந்து ஒரு பெண் பேசினாள்.

"சார், உங்க வீடியோ செமயா போகுது. அடுத்த மாசம் கோயம்புத்தூர்ல ஒரு ஃபங்ஷன் வெச்சிருக்கோம். நீங்க வந்து அதே மாதிரி பண்ணணும்."

"எதே மாதிரி?"

"அதான் சார், தப்பா சொல்லணும். ஜாலியா இருக்கும்."

போனை வைத்துவிட்டேன். மறுபடியும் அடித்தாள். எடுக்கவில்லை.

9 பிப்ரவரி, ஞாயிறு

பழைய கட்டுரைகளையெல்லாம் இப்போது தோண்டுகிறார்கள். ஒன்றில் ஏலக்காய் என்று எழுதியிருந்தேனாம், அது ஏலக்காயே இல்லை என்கிறான் ஒருவன். இன்னொன்றில் சந்தனம். அது சரிதான் என்கிறான் வேறொருவன். எனக்கு எப்படித் தெரியும்? எது சரி, எது தப்பு என்று தெரிந்தால் சரியானவற்றையாவது வைத்துக்கொண்டு எழுந்துவிடலாம். தெரிந்தவள் ஒருத்திதான்.

11 பிப்ரவரி, செவ்வாய்

விருதுநகர் போனேன்.

ரத்தினவேல் வாங்க என்றான், அத்தான் என்று சொல்லவில்லை. "சட்டைய மாத்திட்டு உள்ள போங்க" என்று தன் சட்டை ஒன்றைக் கொடுத்தான். மச்சினன் சட்டையை மாட்டிக்கொண்டு பெண்டாட்டியைப் பார்க்கப் போகும் நிலைமை யாருக்கும் வரக்கூடாது.

கனி பின்கட்டில், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மூக்கில் குழாய். முகம் தெளிந்திருந்தது. என்னைக் கண்டு எழுந்திருக்கவில்லை.

"மேடையில என்ன நடந்துச்சுன்னு தெரியுமா?"

"பிள்ளைங்க போன்ல காட்டுச்சுங்க."

"மல்லின்னுதானே நீ சொன்னே?"

"மல்லின்னுதான் சொன்னேன்."

"கொத்தமல்லின்னு சொல்றதுக்கென்ன?"

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. இருந்திருந்தால் பரவாயில்லை.

"மாஸ்க்கைக் கழட்டிட்டுல்ல கேட்டீங்க. மூணெழுத்துக்குத்தான் மூச்சு இருந்துச்சு."

"சரி, வீட்டுக்கு வந்து பத்து நாள் இருந்தியே. நான் பூ பூன்னு படிச்சுக் காட்டினப்ப சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்" என்றாள்.

மெஷின் இரைந்துகொண்டிருந்தது. நான் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டேன். அவள் தன் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டாள். இங்கே அதை யாரும் இழுத்துப் பழைய இடத்தில் போடப்போவதில்லை.

"போனது போகட்டும். இந்த ரெண்டு வருஷமா நான் எழுதினதுல எதெல்லாம் நீ நிஜமா சொன்னது, எதெல்லாம் சும்மா சொன்னது? அதை மட்டும் சொல்லிடு. நான் போயிடறேன்."

"எல்லாம் வீட்லதான இருக்கு, மிச்சம் மீதி?"

"இருக்கு. ஒவ்வொண்ணுலயும் ஒரு சுருட்டு எடுத்து வெச்சிருக்கேன்."

"அப்ப நீங்களே மோந்து பாத்துக்கோங்க."

கண்ணை மூடிக்கொண்டு மூச்சு விட்டாள், நிதானமாக, அதை மட்டுமே ஒரு வேலையாகச் செய்கிறவள் மாதிரி. ரத்தினவேலின் மருமகள் வந்து மூடி போட்ட எவர்சில்வர் டம்ளர் ஒன்றை என் கையில் கொடுத்தாள். "குடிச்சிட்டுக் கிளம்புங்க, பஸ்ஸுக்கு நேரமாகுது" என்றாள்.

இருட்டிக்கொண்டு வந்தது, விளக்கு இன்னும் போடவில்லை. குடித்தேன். சூடாக இருந்தது, இனிப்பாக இருந்தது. காபியா, டீயா என்று அவளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.